பாவித்த ஒபிஸ் கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்ட்?

பாடசாலை விடுமுறை தொடங்கினால் என்னுடைய வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். “அண்ணை, ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட வேணும். எது நல்லது?” சில வேளை கேட்பது பெடியனின் தாயாக இருக்கும். “தம்பி, இவன் உதைத்தான் கேட்டு நிக்கிறான். கடையில 4 ஜி.பி. எண்டு சொல்லினம். வாங்கலாமோ?” நான் கடை வைத்திருப்பவன் இல்லை. உறவுக்காரருக்கும் அயலட்டைக்கும் கணினி பூட்டிக் கொடுத்துப் பழகியவன். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடிவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டி என்ன, அதன் பவர் சப்ளை என்ன, மொனிட்டர் என்ன என்று தெரியாமல் கார்டின் பெயரை மட்டும் சொல்வது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

காசும் சின்னக் காசு இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவையும் தாண்டியது. வெளிநாட்டில் 200 டொலருக்கு விற்ற ஒரு கார்ட், வரியும் கடைக்காரரின் இலாபமும் சேராமலே, இரண்டு மாதத்துக்குள் 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவுக்கு ஏறிய கணக்கு அது. பிறகு டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. இப்போது கார்ட் வாங்குவதென்றால் பல வீடுகளில் சீட்டுக் காசு, அல்லது வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பும் காசு. பிழையான கார்டை வாங்கிவிட்டால் அதை விற்று இன்னொன்று வாங்குவதற்கு அடுத்த சீட்டு வரை காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் புதிதாக எல்லாம் பூட்டுகிறவர்களைப் பற்றி இங்கே கொஞ்சமாகவும், நம்மிடையே அதிகமாக இருக்கும் இன்னொரு கூட்டத்தைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் போன்ற கணினிகள் இங்கே கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும். உறுதியான பெட்டி, நல்ல புரொசசர், தாங்கக்கூடிய விலை. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய அந்தப் பெட்டியில்தான் பிறகு “ஜி.டி.ஏ. ஓடுமோ?” என்ற கேள்வி எழுகிறது.

முதலில், கார்ட் செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். 1920 க்கு 1080 என்ற அளவுள்ள மொனிட்டரில் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. கேம் ஒன்று விக்காமல் ஓட வேண்டுமானால் ஒரு செக்கனுக்கு 60 தடவை அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டுப் புதுப் படம் வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லிசெக்கன்கூட இல்லை. பாவித்த கணினியோடு சேர்த்துக் கொடுக்கும் பழைய மொனிட்டர்களில் பல 1366 க்கு 768 அளவுடையவை. அவற்றில் இருப்பது 10 இலட்சத்து 49 ஆயிரம் புள்ளிகள், அதாவது பாதி வேலை. 2560 க்கு 1440 அளவுக்குப் போனால் 36 இலட்சத்துக்கு மேல். ஆக, கார்டுக்கு எவ்வளவு வேலை என்பதை உங்கள் மொனிட்டர் முதலே தீர்மானித்துவிடுகிறது. பழைய 19 அங்குல மொனிட்டரை வைத்துக்கொண்டு பெரிய கார்டுக்குக் கடன்படுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, என்ன கேம் என்பது. வலோரன்ட் என்றால் அதன் குறைந்தபட்சத் தேவையே இன்டெல் எச்.டி. 4000 என்ற, புரொசசருக்குள்ளேயே இருக்கும் பழைய கிராபிக்ஸ்தான். அது ஓடாமல் திணறினால் உடனே கார்டைத் தேடாமல் பெட்டியைத் திறந்து ராமைப் பாருங்கள். பாவித்த கணினிகளில் பெரும்பாலும் ஒற்றை ராம் தான் செருகியிருக்கும். தனிக் கார்ட் இல்லாத கணினியில் கிராபிக்ஸும் அந்த ராமைத்தான் பாவிக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் ஒரு பாதை, ஜோடியாக இருந்தால் இரண்டு பாதை. இன்னொரு ராம் போட்டதோடு “இனிக் கார்ட் வேண்டாம் அண்ணை” என்று சொன்ன பெடியள் எனக்குத் தெரிந்து பலர். ஜி.டி.ஏ. 5 கணினிக்கு வந்தது 2015 இல். அதற்கும் பெரிய கார்ட் தேவையில்லை. புதிய பெரிய கேம்கள் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

75 வொட் என்ற எல்லை

ஒபிஸ் கணினிக்குக் கார்டைத் தெரிவு செய்வது உண்மையில் பவர் சப்ளைதான். கார்ட் செருகும் மதர்போட் துளையிலிருந்து கிடைக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வொட். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 முனை வயர் இன்னும் 75 வொட் தரும், 8 முனை வயர் 150 வொட் தரும். ஒபிஸ் கணினிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 180 முதல் 300 வொட் வரைதான், அதில் இந்த வயர்கள் அனேகமாக இருக்காது. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், பல மொடல்களில் அதன் வடிவமும் மதர்போட்டுக்குப் போகும் முனையும் அந்தக் கம்பனிக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை உள்ளே இருக்காது.

இந்த இடத்தில் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 6 முனையாக மாற்றும் ஒரு சின்ன இணைப்பி, சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம். சாட்டா முனையின் 12 வோல்ட் பக்கம் தாங்கும் அளவு 4.5 அம்பியர், அதாவது 54 வொட். அதிலிருந்து 75 வொட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். கருகிய முனைகளை நான் கழற்றியிருக்கிறேன். பிள்ளை அறைக்கதவைச் சாத்திவிட்டு விளையாடும் நேரத்தில் அது நடக்கக்கூடாது.

ஆக, தனி வயர் கேட்காத கார்டுகள் மட்டும்தான் இந்தப் பெட்டிகளுக்கு. அந்தப் பட்டியல் மிகச் சிறியது. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1050 ரி.ஐ. 2016 இல் வந்தது. 2019 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 உம் 75 வொட் கார்ட்தான், ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதிலும் 6 முனை வைத்திருக்கிறார்கள், பார்த்து வாங்க வேண்டும். 2024 பெப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 இன் 6 ஜி.பி. வடிவம் 70 வொட். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 வெறும் 53 வொட். இதில் கடைசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை இருக்கிறது, கீழே சொல்கிறேன். காசு அனுமதித்தால் என் தெரிவு 3050 இன் 6 ஜி.பி., இல்லாவிட்டால் நல்ல நிலையில் உள்ள பாவித்த 1650.

பெட்டியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். மெலிந்த வகை ஒபிஸ் பெட்டிக்கு அரை உயரக் கார்ட் வேண்டும், அதற்கென்று குட்டை இரும்புத் தகடும் கூடவே வர வேண்டும். கார்டின் தடிப்பு பக்கத்துத் துளையையும் பிடிக்கும் என்றால் அந்த இடம் காலியா என்று பார்க்க வேண்டும். புத்தகம் அளவான மிகச் சிறிய மொடல்களில் கார்ட் போடும் துளையே கிடையாது. அதனால் யாரிடமாவது ஆலோசனை கேட்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு படம், பவர் சப்ளையின் லேபிள் ஒரு படம், மொனிட்டரின் பின்பக்கம் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். லேபிளில் பெரிதாக எழுதியிருக்கும் வொட்டை விட 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்பது முக்கியம். கேஸோடு இலவசமாக வரும் “500 வொட்” பவர் சப்ளைகளில் அந்த வரிசையில் 18 அம்பியர் என்று இருந்தால், கார்டுக்கும் புரொசசருக்கும் சேர்த்து உண்மையில் இருப்பது 216 வொட்தான்.

ஒரே பெயர், இரண்டு பொருள்

“4 ஜி.பி. கார்ட்” என்று கடையில் சொல்வது, “நாலு கதவு வாகனம்” என்று சொல்வது போல. எந்த வாகனம் என்று அதிலிருந்து தெரியாது. கார்டின் நினைவகம் எவ்வளவு என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக அதிலிருந்து தரவை எடுக்கலாம் என்பது வேறொன்று. இதற்கு மிக மோசமான உதாரணம் ஜி.டி. 1030. 2017 இல் வந்தபோது அதில் இருந்தது ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம், செக்கனுக்கு 48 ஜி.பி. வேகம். அடுத்த வருடம் அதே பெயரில் சாதாரண டி.டி.ஆர்.4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜி.பி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இரண்டும் ஜி.டி. 1030 தான், இரண்டும் 2 ஜி.பி. தான்.

இது ஒரு தடவை நடந்த விடயம் இல்லை. ஜி.டி.எக்ஸ். 1060 இன் 3 ஜி.பி. கார்டில் நினைவகம் மட்டும் குறைவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கணக்கிடும் அலகுகளும் 1280 இலிருந்து 1152 ஆகக் குறைக்கப்பட்டிருக்கின்றன. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரோடு 2048 எஸ்.பி. என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது பெயர் மாற்றிய 570 மாதிரித்தான், உண்மையான 580 இல் 2304 அலகுகள். நான் மேலே சிபாரிசு செய்த 3050 இன் 6 ஜி.பி. வடிவமும் 2022 இல் வந்த 8 ஜி.பி. வடிவத்தை விட மெதுவானது. 2560 அலகுகளுக்குப் பதில் 2304, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டுக்குக் குறைவு. தனி வயர் கேட்காத ஒரே காரணத்துக்காகத்தான் அதை ஒபிஸ் பெட்டிக்குச் சொல்கிறேன். 8 ஜி.பி. கார்டின் விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது.

ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.ரி. இரண்டையும் பற்றிய எச்சரிக்கை இதுதான். வழக்கமாகக் கார்டுக்கும் மதர்போட்டுக்கும் இடையே 16 அல்லது 8 பாதைகள் இருக்கும். இவற்றில் இருப்பது 4. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4 ஆம் தலைமுறைத் துளை உள்ள புதிய மதர்போட்டில் அது பெரிதாகத் தெரியாது. இன்டெல்லின் 10 ஆம் தலைமுறை வரையான கணினிகளில் இருப்பதோ 3 ஆம் தலைமுறைத் துளை, அதில் அந்த நான்கு பாதையும் பாதி வேகத்தில்தான் ஓடும். கார்டின் 4 ஜி.பி. நிறைந்துவிட்டால் மிச்சத் தரவு அந்த ஒழுங்கைக்குள்ளால்தான் வந்து போக வேண்டும். கேம் திடீர் திடீரென்று நின்று நின்று ஓடும். பழைய கணினிக்கு மலிவான தீர்வு என்று விற்கப்படும் கார்ட், பழைய கணினியில்தான் மோசமாக ஓடுகிறது. விளையாடுவதைப் பதிவு செய்வதற்கான வீடியோ என்கோடர் வசதியும் இவை இரண்டிலும் இல்லை, யூடியூப் கனவோடு இருக்கும் பெடியளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

பாவித்த கார்டைப் பார்த்து வாங்குதல்

கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்கு கிராபிக்ஸ் கார்டுகளை இரவுபகலாக ஓட்டிய காலம் 2022 செப்டெம்பர் 15 அன்று பெருமளவு முடிந்தது. எதீரியம் அன்றுதான் அந்த முறையைக் கைவிட்டது. அதன் பிறகு உலகெங்கும் பாவித்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. தோண்டிய கார்ட் என்றாலே குப்பை என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் அவற்றில் தேய்ந்திருப்பது காற்றாடியும் வெப்பப் பசையும்தான், அவற்றை மாற்றலாம். நம் ஊரில் நான் அதைவிடக் கூடப் பயப்படுவது உப்புக்காற்றுக்கு. கார்டின் பின் தகட்டிலும் திருகாணிகளிலும் துரு பிடித்திருந்தால் உள்ளேயும் அதே கதைதான், விட்டுவிடுங்கள். திருகாணியின் தலை சிதைந்திருந்தால் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

ஓடவிட்டுக் காட்டாமல் வாங்க வேண்டாம். ஃபர்மார்க் போன்ற ஒரு சோதனையைக் குறைந்தது 15 நிமிடம் ஓடவிட்டு, திரையில் நிறப்புள்ளிகள், கோடுகள் தெரிகின்றனவா, கணினி தானாக நிற்கிறதா என்று பாருங்கள். குளிரூட்டிய கடையில் 80 பாகை காட்டும் கார்ட், பங்குனி சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டில் என்ன காட்டும் என்பதையும் யோசியுங்கள்.

போலிகள் தனி ரகம். ஜி.டி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்று பெட்டியில் அச்சடித்து, உள்ளே 2010, 2011 காலத்து ஜி.டி.எஸ். 450, ஜி.டி.எக்ஸ். 550 ரி.ஐ. சில்லுகளை வைத்து, மென்பொருளைத் திருத்திப் பெயரை மாற்றிக் காட்டும் வியாபாரம் பல வருடமாக நடக்கிறது. எங்கள் அயலில் ஒரு பெடியனுக்கு இணையத்தில் விளம்பரம் பார்த்து அவனுடைய தாய் சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்தது அப்படி ஒன்று. என்விடியாவின் தளத்திலிருந்து எடுத்த மென்பொருள் அதில் ஏறவே இல்லை. விற்றவர் தன்னுடைய பென் டிரைவில் இருந்ததைத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டவுடன் கார்டின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டியது. விற்றவரின் இலக்கம் அதற்குள் வேலை செய்யாமல் போயிருந்தது. அந்தக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தாய் கேட்டது ஒன்றுதான்: “திருத்த ஏலாதோ தம்பி?”

ஜி.பி.யூ.-இசட் சில எம்.பி. அளவுதான், பென் டிரைவில் கொண்டு போய்க் கடையிலேயே ஓடவிடலாம். 1050 ரி.ஐ. என்று சொல்லும் கார்டின் பின்பக்கம் பழைய நீல நிற வி.ஜி.ஏ. துளை இருந்தால் ஓடவிடாமலே சந்தேகப்படலாம்.

உண்மையான கார்டாக இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும். ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக் கார்டுகளுக்கு புதிய கேம்களுக்கான மென்பொருள் மேம்படுத்தலை 2025 ஒக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். ஒளிக்கதிர் கணக்கிடும் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கும் கேம்களும் வந்துவிட்டன. 2024 டிசெம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம் த டார்க் ஏஜஸும் அப்படி. இரண்டுக்கும் 8 ஜி.பி. நினைவகம் வேண்டும். எனவே 1060, 1650, 580 எல்லாம் ஏற்கெனவே வந்த கேம்களுக்கான கார்டுகள். அது தெரிந்து, அதற்கேற்ற விலைக்கு வாங்கினால் பிரச்சினை இல்லை. ஜி.டி.ஏ. 5, வலோரன்ட், சி.எஸ். 2 என்று விளையாடுபவனுக்கு இன்னும் சில வருடம் போதும்.

பவர் சப்ளையைத் தாராளமாகத் தெரிவு செய்யக்கூடிய பெரிய பெட்டி இருந்தால் நிலைமை மாறும். 1920 க்கு 1080 மொனிட்டருக்கு, 2021 இல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 ஐத்தான் நான் முதலில் தேடுவேன். 8 ஜி.பி., 132 வொட், கேம்களில் 8 ஜி.பி. 3050 ஐ விட நன்றாகவே வேகம். ஆனால் ஒரு விதிவிலக்கு. பிள்ளை பிளெண்டரில் முப்பரிமாணம் பழகுகிறான், அல்லது கலியாண வீடியோ எடிட் செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறான் என்றால், கேம் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் என்விடியாவே நல்லது. அந்த மென்பொருட்கள் பல அதன் கூடா வசதியை நம்பித்தான் வளர்ந்தன. வீட்டில் காசு கொடுப்பவருக்கும் அது சொல்லக்கூடிய நியாயம். இன்டெல்லின் பி580 காகிதத்தில் அழகானது, 12 ஜி.பி., 249 டொலருக்கு அறிமுகமானது. ஆனால் மதர்போட்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் சரிந்துவிடும். பழைய கணினிக்காரர் அதன் பக்கம் போக வேண்டாம்.

எல்லாம் புதிதாகப் பூட்டுபவர், காசு இறுக்கமென்றால், முதலில் கார்டே வாங்காமல் தொடங்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள புரொசசரும் ஜோடி ராமும் போட்டு விளையாடத் தொடங்கி, காசு சேர்ந்த பிறகு கார்ட் போடலாம். இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் எஃப் எழுத்து உள்ளதை அதற்கு வாங்கக்கூடாது. அதில் கிராபிக்ஸே கிடையாது, கார்ட் வரும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

மின்கட்டணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 185 வொட் எடுக்கும் ஆர்.எக்ஸ். 580 க்கும் 70 வொட் எடுக்கும் 3050 க்கும் இடையே 115 வொட் வித்தியாசம். நாளுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 14 அலகு. நமது கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால், அந்த 14 அலகு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டால் வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும். மலிவாகக் கிடைத்த 580 இரண்டு வருடத்தில் மலிவாக இருக்குமா என்று அப்பாமார் கணக்குப் பார்க்கலாம். யூ.பி.எஸ். வைத்திருப்பவர்கள், 650 வி.ஏ. என்பது 650 வொட் இல்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அதன் வொட் அளவு பின்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கும், பல மொடல்களில் 360 தான்.

கடைசியாக வொரண்டி. வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பயணப்பெட்டிக்குள் வரும் கார்ட் மலிவுதான், பழுதானால் அதைத் திரும்பவும் அதே நாட்டுக்கு அனுப்ப வேண்டி வரலாம். இங்கே வாங்குவதென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவாக இருந்தாலும் சரி, யாழ்ப்பாண நகரக் கடையாக இருந்தாலும் சரி, வொரண்டி கடைக்காரருடையதா, இறக்குமதி செய்த முகவருடையதா என்று முதலே கேளுங்கள். கடை பூட்டினாலும் முகவர் இருப்பார். பில்லில் மொடலின் முழுப் பெயர், நினைவகத்தின் வகை, தொடர் இலக்கம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். “கிராபிக்ஸ் கார்ட் 4 ஜி.பி. - 1” என்று மட்டும் எழுதித் தந்தால், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அந்த பில்லைத் திருப்பிக் கொடுத்து, சரியாக எழுதித் தரும்படி கேளுங்கள்.